ஒரே கூரை, இரண்டு பால் பாக்கெட்: யார் மேலும் பழி சொல்லாமல் பிரிய முடியுமா?

கேட்டவர் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் ஒரு பெண். கல்யாணமாகி 6 வருடம், திருவந்திபுரம் மலையில் நடந்த கல்யாணம். 4 வயதில் ஒரு மகள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அடி உதை, குடி, வேறு தொடர்பு எதுவும் கிடையாது. சேர்ந்து வாழ மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான். கணவருக்கும் அதே எண்ணம். 14 மாதமாகத் தனித்தனி அறை. வாடகையையும் மகளின் பள்ளியையும் நினைத்து ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அவர் கேட்டது: "யார் மேலும் குற்றம் சொல்லாமல் விவாகரத்து கிடைக்குமா? ஒரு வருடம் வேறு வேறு வீட்டில் இருந்தே ஆக வேண்டுமா? பெரியவர்கள் முன்னால் பத்திரத்தில் எழுதிக்கொண்டால் போதும் என்கிறார் என் அப்பா. அது செல்லுமா? மனுவைக் கடலூரில் போடுவதா, புதுச்சேரியிலா?"

நான் வக்கீல் இல்லை அம்மா, வக்கீல் குமாஸ்தா. 26 வருடம் கடலூர் கோர்ட்டுக்கும் புதுச்சேரி கோர்ட்டுக்கும் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவன். எத்தனையோ மனுக்களை டைப் அடித்திருக்கிறேன். குறை சொல்லிக் கோர்ட் ரிட்டர்ன் செய்ததைத் திருத்தி மறுபடியும் நம்பருக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கையெழுத்துப் போடும் முன் உங்கள் கட்டை ஒரு வக்கீல் பார்க்கட்டும்.

முதலில் அப்பா சொன்னதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஆபத்து அதில்தான் இருக்கிறது. 20 ரூபாய் பத்திரத்தில் "இன்று முதல் நீ யாரோ நான் யாரோ" என்று எழுதி, நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை குத்தி வாங்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. இந்துத் திருமணத்தை முறிக்கும் சக்தி அந்தத் தாளுக்கு இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு வழக்கமுறை விவாகரத்தை விட்டுவைத்திருப்பது உண்மை. ஆனால் எங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். அதை நிரூபித்து ஜெயித்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

இப்படி எழுதி வாங்கிக்கொண்டு இன்னொரு கல்யாணம் செய்தவர் ஒருவர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். அரசு வேலையில் இருந்தவர். அவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். 12 வருடம் அவருக்குச் சமைத்துப் போட்டு, ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட இரண்டாவது அம்மாவின் கையில் சட்டப்படி ஒன்றும் இல்லை. அவர் உயிரோடு இருந்தபோதே முதல் மனைவி புகார் கொடுத்திருந்தால், மனைவி இருக்க மறுமணம் செய்த குற்றத்துக்கு 7 வருடம் வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 494ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 82ஆம் பிரிவு.

அந்தத் தாள் இன்னொரு இடத்திலும் கடிக்கும். ஜீவனாம்சம் கேட்கும் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தில் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு அதன்படி ஜீவனாம்சம் இல்லை என்று அதிலேயே ஒரு வரி இருக்கிறது. விவாகரத்தும் கிடைக்காமல், "சம்மதித்துத்தான் பிரிந்தோம்" என்று எழுதியும் கொடுத்துவிட்டால் இரண்டுங்கெட்டான் நிலை. இதில் ஒரு முரண்: கோர்ட் மூலம் பரஸ்பர சம்மத விவாகரத்து வாங்கிய மனைவிக்கு அந்தத் தடை கிடையாது என்று சுப்ரீம் கோர்ட் 1995லேயே சொல்லிவிட்டது. ஆக, தாளில் பிரிந்தவளுக்குக் கதவு சாத்தப்படுகிறது, தீர்ப்போடு பிரிந்தவளுக்குத் திறந்திருக்கிறது. அப்பாவிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

சரி, உங்கள் முதல் கேள்வி. கிடைக்கும். 1955ல் இந்து திருமணச் சட்டம் வந்தபோது விவாகரத்து என்றால் யாராவது ஒருவர் தப்பு செய்தவராக இருக்க வேண்டும். 1976ல் சட்டத்தைத் திருத்தி 13பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதில் குற்றவாளி கிடையாது. மனுவில் எதிர்மனுதாரர்கூடக் கிடையாது; முதல் மனுதாரர், இரண்டாம் மனுதாரர் என்று இருவரும் ஒரே பக்கத்தில் நிற்பார்கள். அது கேட்பது மூன்றுதான். ஒரு வருடமோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ முடியவில்லை என்றிருக்க வேண்டும். கலைத்துக்கொள்ள இருவரும் சம்மதித்திருக்க வேண்டும். ஏன் முடியவில்லை என்ற புராணத்தை அந்தப் பிரிவு கேட்பதே இல்லை.

ஆனால் எழுதிக் கொடுப்பவர்கள் சும்மா இருப்பதில்லை. கை பழக்கத்தில் "இரண்டாம் மனுதாரர் பொறுப்பற்றவர்" என்று ஒரு வரி நுழைந்துவிடும். அதைப் படித்துவிட்டு மாமியார் வீட்டில் கொதித்துப் போய், நன்றாக இருந்த சம்மதம் கெட்டுப்போனதை நானே பார்த்திருக்கிறேன். "கருத்து வேறுபாடு காரணமாக" என்ற இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். டிராஃப்டை வாங்கி இருவரும் உட்கார்ந்து படியுங்கள்.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதி, பிரிந்து வாழ்வது. இதில்தான் முக்கால்வாசிப் பேர் குழம்புகிறார்கள். பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு கதவு எண் என்று நினைக்கிறார்கள். சட்டம் பார்ப்பது முகவரியை அல்ல, உறவை. 1991ல் சுரேஷ்டா தேவி வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொன்னது: ஒரே கூரைக்குக் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாமல் இருக்கலாம், வேறு வேறு இடத்தில் இருந்தாலும் கணவன் மனைவியாகவே வாழலாம். புருஷன் துபாயில், பெண்டாட்டி நெல்லிக்குப்பத்தில், மூன்று வருடமாக நேரில் பார்க்கவில்லை என்றாலும் தினமும் ராத்திரி போனில் பேசி, மாசம் பணம் அனுப்பி, குடும்பமாக இருந்தால் அது பிரிவு அல்ல, பிழைப்பு. அந்த மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட இந்தக் கணக்கில் சேராது.

முத்தியால்பேட்டையில் ஒரு தம்பதியின் கேஸ். வீடு கணவரின் அம்மா பெயரில், மாடியோடு. அந்தப் பெண் மாடிக்குப் போய்விட்டார், அவர் கீழே. வெளியே பார்ப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பொங்கலுக்கு ஒரே கோலம்தான். கோர்ட்டில் அவரிடம் கேள்வி வந்தது: ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள், எப்படிப் பிரிந்து வாழ்வதாகச் சொல்கிறீர்கள்? அந்த மனிதருக்குச் சட்டம் தெரியாது, வக்கீல் சொல்லிக் கொடுத்ததும் மறந்துபோயிற்று. "ஐயா, வாசல் கேட்டில் இரண்டு பை தொங்கும். பாண்லே பால் அவங்க பையில் ஒண்ணு, எங்க பையில் ஒண்ணு. ரெண்டு வருஷமா அப்படித்தான்" என்றார். நீதிபதி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தனி அடுப்பு, தனிச் செலவு, தனிப் படுக்கை என்று நாங்கள் மனுவில் ஒரு பத்தி எழுதியிருந்தோம். அந்தப் பையின் முன்னால் அது ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது இருக்கும். யார் யாருக்குச் சமைப்பது எப்போது நின்றது, துணி எப்போது தனியாயிற்று, சொந்தக்காரர் விசேஷத்துக்கு எப்போதிலிருந்து தனித்தனியாகப் போகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதிலிருந்து ஒரு தேதி கிடைக்கும். அந்தத் தேதிதான் மனுவின் உயிர். இருவரும் ஒரே தேதியைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஆடி மாசம் என்றும் மற்றவர் தீபாவளிக்கு அப்புறம் என்றும் சொன்னால் நன்றாக இருக்காது. மனுவில் ஒரு தேதியும் சாட்சிப் பிரமாணத்தில் வேறு தேதியும் வந்து எங்கள் கட்டு ஒன்று ரிட்டர்ன் ஆகியிருக்கிறது. தப்பு என்னுடையதுதான். பழைய மனுவின் மேலேயே புதிய மனுவை டைப் அடித்ததன் பலன்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். அந்த ஒரு வருடம் மனு போடும் நாளுக்கு நேர் முன்னால் உள்ள ஒரு வருடமாக இருக்க வேண்டும். நான்கு வருடத்துக்கு முன்பு ஆறு மாதம், போன வருடம் ஆறு மாதம் என்று கூட்டிக் காட்ட முடியாது. நடுவில் மனம் மாறி மறுபடி குடும்பம் நடத்தினால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். அப்புறம், பிரிந்த தேதியை உண்மையைவிட முந்தியதாக எழுதச் சொல்வார்கள். செய்யாதீர்கள். சத்தியப் பிரமாணத்தில் பொய் எழுதினால், பிற்பாடு ஒருவருக்கொருவர் பகையானபோது அதே தாள் ஆயுதமாகும்.

அடுத்து ஆறு மாதக் காத்திருப்பு. முதல் மனு போட்ட நாளிலிருந்து 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து "இன்னமும் அதே முடிவுதான்" என்று சொன்னால்தான் தீர்ப்பு. மனம் மாற ஒரு வாய்ப்பு கொடுக்கும் இடைவெளி அது. 2017ல் அமர்தீப் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தளர்த்தியது. மனு போடுவதற்கு முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருந்தால், சமரச முயற்சிகள் பலிக்கவில்லை என்றால், பணம், குழந்தை எல்லாம் பேசி முடிந்திருந்தால், காத்திருப்பது வேதனையை நீட்டுவதாக மட்டுமே இருக்கும் என்றால், குடும்ப நீதிமன்றமே அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம். முதல் மனு போட்ட ஒரு வாரம் கழித்து அதற்கு ஒரு ஐ.ஏ., அதாவது இடைக்கால மனு, போட வேண்டும். அந்தத் தீர்ப்பு பேசியது 6 மாதத்தைப் பற்றி. பிரிந்து வாழ வேண்டிய ஒரு வருடத்தைப் பற்றி அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு "இப்ப எல்லாம் வெயிட் பண்ண வேண்டாமாமே" என்று வருகிறவர்கள் நிறைய.

உங்களுக்கு 14 மாதம் ஆகியிருக்கிறது. இப்போதே போட்டால் 6 மாதம் காத்திருந்து 20ஆம் மாதத்தில் இரண்டாவது முறை கூண்டில் ஏறலாம். நான்கு மாதம் பொறுத்து, 18 முடிந்தபின் போட்டு அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டால், எல்லாம் நல்லபடியாகப் போனால் 19, 20ல் முடியும். கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். என்னைக் கேட்டால் இப்போதே போட்டுவிட்டு அந்த 6 மாதத்தை மகளின் விஷயத்தைப் பேசி முடிக்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்பேன். ஆனால் பணப் பேச்சு இன்னும் தொடங்கவே இல்லை என்றால் போடாதீர்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், சுரேஷ்டா தேவி தீர்ப்புக்கு இன்னொரு முகம் உண்டு. தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இரண்டாவது தடவை கூண்டில் நின்று "எனக்கு இஷ்டமில்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டால் மனு அத்தோடு சரி. எனக்குத் தெரிந்து சம்மதம் கெட்டவை எல்லாம் பணத்திலும் குழந்தையிலும்தான் கெட்டன. பாசத்தினால் கெட்டது ஒன்றோ இரண்டோ.

பண்ருட்டிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. எல்லாம் பேசி முடித்தாயிற்று. 9 லட்சம் நிரந்தர ஜீவனாம்சம், 32 பவுன் நகை திரும்ப, பையன் அம்மாவிடம், ஞாயிறு தோறும் அப்பா பார்க்கலாம். நகையை எங்கள் ஆபீஸ் மேசையில் தராசு வைத்து நிறுத்தோம். கல் வைத்த தோடு ஒன்று எடையில் கொஞ்சம் குறைந்தபோது, போகட்டும் என்று பெண்ணின் அப்பாவே விட்டுக்கொடுத்தார். கடைசியில் ஒரு பித்தளை அண்டாவில் வந்து நின்றது. சீரில் வந்த அண்டா. வழக்கமாகப் பெண்ணின் பெயரைத்தான் வெட்டுவார்கள். இதில் மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து வெட்டியிருந்தார்கள். "என் பிள்ளை பேர் இருக்கிறது, கொடுக்க மாட்டேன்" என்றார் அந்த அம்மா. "எங்க காசுல வாங்கினது" என்றார் இந்த அம்மா. இரண்டு வாய்தா போயிற்று. மூன்றாம் வாய்தாவுக்கு அந்த மாப்பிள்ளைப் பையன், தானாகவே ஒரு முடிவெடுத்து, அண்டாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கோர்ட் வாசலுக்கே வந்துவிட்டான். டவாலி வெளியே வந்து என்ன இது என்று பார்த்துவிட்டுப் போனார்.

அதனால் பட்டியல் போட்டுவிடுங்கள். நகை எவ்வளவு பவுன், யாரிடம். பீரோ, கட்டில், கிரைண்டர் முதற்கொண்டு எழுதுங்கள். கூட்டுப் பெயரில் வீடோ மனையோ இருந்தால் யாருக்குப் போகிறது, கடனை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் வரட்டும். பிற்பாடு சார்பதிவாளர் அலுவலகத்தில், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்தால்தான் அது முழுமையாகும். பணம் என்றால் பாதி முதல் மனுவின்போதும் மீதி இரண்டாம் முறை கூண்டில் ஏறும் நாளில் டி.டி.யாகவும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். இருவருக்கும் பயம் இல்லாத ஏற்பாடு அது. மகளுக்கான செலவை விட்டுக்கொடுத்து மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்கு வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம், அவளுடைய உரிமையை நீங்கள் விட முடியாது. பார்க்கும் நாள், பள்ளி விடுமுறை, ஃபீஸ் எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

ஒருவேளை நாளைக்கு அவர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால்? அங்கேதான் நம் சட்டத்தின் எல்லை தெரியும். இருவரும் சேர்ந்து சொன்னால் குற்றம் தேவையில்லை. ஒருவர் மட்டும் சொன்னால் குற்றம் காட்டியாக வேண்டும். இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் 6 முதல் இது மாறிவிட்டது. ஒருவரே "இந்தத் திருமணம் முறிந்துவிட்டது" என்று எழுதிக் கொடுத்தால் போதும், பிரிந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. முதல் கட்ட உத்தரவுக்கு 20 வாரம், இறுதி உத்தரவுக்கு மேலும் 6 வாரம் காத்திருப்புதான். நம் நாட்டில் 1978லேயே சட்ட ஆணையம் தன் 71ஆம் அறிக்கையில், மீட்க முடியாமல் முறிந்த திருமணத்தை ஒரு காரணமாகச் சேர்க்கச் சொன்னது. 2006ல் சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது. 2010ல் மசோதாவே வந்தது. மூன்று வருடம் பிரிந்திருந்தால் ஒருவர் மட்டும் கேட்டாலும் கொடுக்கலாம், பணக் கஷ்டம் வரும் என்றால் மனைவி எதிர்க்கலாம் என்று இருந்தது. 2013ல் ராஜ்ய சபாவில் நிறைவேறி, மக்களவையில் நிறைவேறாமலே காலாவதியாகிப் போனது.

மிச்சம் இருப்பது பக்கவாட்டுக் கதவுகள்தான். 13(1ஏ) பிரிவு கொஞ்சம் வேடிக்கையானது. சேர்ந்து வாழ வர வேண்டும் என்று ஒருவர் கேஸ் போட்டு உத்தரவும் வாங்கி, ஒரு வருடம் ஆகியும் சேரவில்லை என்றால், இருவரில் யார் வேண்டுமானாலும் அதை வைத்து விவாகரத்து கேட்கலாம். சேர்த்து வைக்கப் போட்ட கேஸ் பிரித்துவைக்கும். சட்டப்படி பிரிந்து வாழும் உத்தரவு வாங்கி ஒரு வருடம் கழிந்தாலும் அப்படித்தான். ஆனால் அந்த உத்தரவை வாங்கவே குற்றம் காட்ட வேண்டும். கைவிட்டுப் போனார் என்ற காரணத்துக்கு இரண்டு வருடம் வேண்டும், சம்மதித்துப் பிரிந்தவர்கள் அதைச் சொல்ல முடியாது. பத்திரத்தில் எழுதினால் இதுவும் போச்சு. 2023 மே 1 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசியலமைப்பின் 142ஆம் பிரிவைக் கொண்டு முறிந்த திருமணத்தைக் கலைக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்றது. ஆறு வருடமோ மேலோ பிரிந்திருப்பது அதில் ஒரு அளவுகோல். அந்த அதிகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கு மட்டும்தான், கேட்பது உரிமையும் அல்ல. புதுச்சேரியிலிருந்து டெல்லிவரை போகும் செலவை யோசித்துப் பாருங்கள். இப்போது அவர் சம்மதத்தில் இருக்கிறார். அதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் மலிவு.

எந்த ஊர் என்ற கேள்விக்கு வருகிறேன். கல்யாணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்த் தரப்பு வசிக்கும் இடம், மனைவி மனு போட்டால் அவர் வசிக்கும் இடம், எதிலும் போடலாம். திருவந்திபுரம் கடலூருக்குள் வருவதால் கடலூரிலும் போடலாம், லாஸ்பேட்டைக்காகப் புதுச்சேரியிலும் போடலாம். இரண்டுக்கும் மேலே சென்னை உயர் நீதிமன்றம்தான். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், புதுச்சேரியிலேயே போடுங்கள். அந்தக் கோர்ட்டும் கடலூர் ரோட்டிலேயே இருக்கிறது. முள்ளோடையைத் தாண்டினால் பாட்டில் விலை மாறுமே தவிர இந்து திருமணச் சட்டம் மாறாது.

ஒரு விதிவிலக்கு உண்டு, அது புதுச்சேரிக்கே உரியது. 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்று. வந்தவர்கள் ரெனோன்சான்கள். அவர்களுக்கு முன்னணியில் நின்றவர் வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873ல் கோர்ட்டுக்கு ஐரோப்பிய ஷூ போட்டுக்கொண்டு போனதற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ்வரை போய் ஜெயித்தவர். பிறகு லாபோர்த் என்ற குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார், வாசல் என்று பொருள். இந்து திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தபோது 2ஆம் பிரிவில் ஒரு உட்பிரிவைச் சேர்த்து, ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். அதனால் தாத்தா ரெனோன்சான் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு இருந்தால் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இங்கே இருந்த பிரெஞ்சுச் சட்டம் 1962 இணைப்பின்போது எப்படி இருந்ததோ அப்படியே உறைந்து நின்றுவிட்டது. பிரான்சில் பரஸ்பர சம்மத விவாகரத்து திரும்ப வந்ததோ 1975ல், அதனால் அது இவர்களுக்கு வந்து சேரவில்லை.

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்களில், கணவனோ மனைவியோ பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்தால் இன்னொரு சிக்கல். பிரான்சில் 2017 முதல் சம்மத விவாகரத்துக்குப் பெரும்பாலும் நீதிபதியே தேவையில்லை. இரண்டு வக்கீல்கள் எழுதி, நோட்டேர் என்ற பத்திர அதிகாரியிடம் வைத்தால் முடிந்தது. 2021 முதல் ஒரு வருடம் பிரிந்திருந்தால் ஒருவரே கேட்டும் வாங்கலாம். இங்கே இந்து முறையில் கல்யாணம் செய்துவிட்டு அங்கே ஒருவர் மட்டும் வாங்கி வந்த தீர்ப்பு இங்கே செல்லுமா? 1991ல் நரசிம்ம ராவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது: இங்குள்ள திருமணச் சட்டம் ஏற்கும் காரணமாக இருக்க வேண்டும், எதிர்த் தரப்பும் மனமார அந்தக் கோர்ட்டை ஏற்று வந்திருக்க வேண்டும். கோர்ட்டே இல்லாத நோட்டேர் பத்திரத்துக்கு இந்தக் கேள்வி இன்னும் கூடுதலாக வரும். இங்கேயும் ஒரு 13பி போட்டுவிடுவது நிம்மதி. வெளிநாட்டில் இருப்பவரை வீடியோ மூலம் ஆஜராக அனுமதிப்பதும் உண்டு.

மற்ற சட்டங்கள் ஒரு மூச்சில். பதிவுத் திருமணம், அதாவது 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி செய்தவர்களுக்கு 28ஆம் பிரிவு, அதே ஒரு வருடக் கணக்கு. கிறிஸ்தவர்களுக்கு விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவு, 2001ல் வந்தது. எழுத்தில் இரண்டு வருடம் என்று இருக்கிறது, கேரள உயர் நீதிமன்றம் 2010ல் அதை ஒரு வருடம் என்று படிக்கச் சொன்னது. முஸ்லிம்களுக்கு முபாரா என்ற பரஸ்பர விலகல் முறையும், மனைவி கேட்கும் குலாவும் உண்டு. குலாவுக்கு ஜமாத் கொடுக்கும் சான்றிதழ் போதாது, குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023ல் சொல்லியிருக்கிறது.

கேட்கத் தயங்கிக் கேட்காமல் விட்டிருப்பீர்கள், நானே சொல்கிறேன். தாலியோடு கோர்ட்டுக்கு வந்தால் பிரிந்து வாழவில்லை என்று ஆகிவிடுமா என்று பெண்கள் என்னிடம் காதோரமாகக் கேட்பார்கள். ஆகாது. 13பி மனுவில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. தீர்ப்பு வரும்வரை போட்டிருந்தவர்களும் உண்டு, முதல் நாளே கழற்றி கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

மனுவோடு கல்யாணப் பத்திரிகை, கல்யாணப் போட்டோ, பதிவுச் சான்றிதழ் இருந்தால் அது, இருவரின் ஆதார் எல்லாம் வேண்டும். பத்திரிகை இல்லை என்றால் அம்மா வீட்டுப் பரணில் தேடுங்கள், நிச்சயம் ஒன்று இருக்கும். வக்கீல் செலவு கஷ்டம் என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசம். நடுவில் கவுன்சலிங்குக்குக் கூப்பிடுவார்கள். அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூண்டில் ஏறும் நாள் நீங்கள் பயப்படுகிற மாதிரி இருக்காது. பேரைக் கூப்பிடுவார்கள். யாராவது வற்புறுத்தினார்களா, சேர வாய்ப்பிருக்கிறதா, குழந்தை யாரிடம், பணம் வந்துவிட்டதா என்று கேட்பார்கள். ஐந்து நிமிடம். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதவர்களும் உண்டு. இருவரும் ஒரே பைக்கில் ஏறிப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

தீர்ப்பு ஆன அன்றே காப்பி அப்ளிகேஷன் போடுங்கள், ஆளுக்கு இரண்டு சர்டிபைடு காப்பி. கையில் வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். இனிஷியல் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, திருமணத் தேதி சரியா, மகளின் பெயரில் எழுத்து விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள். "ர"வுக்கு "ற" விழுந்து பாஸ்போர்ட் ஆபீசில் திருப்பி அனுப்பி, ஒரு எழுத்தைத் திருத்த மனு போட்டுவிட்டு நான்கு மாதம் அலைந்த ஒரு பெண்ணோடு அந்த நான்கு மாதமும் நானும்தான் அலைந்தேன்.